பேட்மனின் பாட்டிலில் காணாமல் போன ஈக்கள்

"ஆண் பல பெண்களை நாடுவான், பெண் ஒருவனோடு அமைதியாக இருப்பாள். இது உயிரியல் நிரூபித்த உண்மை. பெண்ணியவாதிகள் இதை மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கக்கூடிய கேள்வி. ஆனால் அந்த நிரூபணத்தைத் தேடிப் போனால், நாம் போய்ச் சேருமிடம் பழ ஈக்களை அடைத்துவைத்த சில பாட்டில்கள்தான்.

கருமுட்டை பெரியது, எண்ணிக்கையில் குறைவு. விந்தணு சிறியது, கோடிக்கணக்கில் உண்டு. இது பள்ளிப் பாடம். ஆண் துடிப்பானது, பெண் கூச்சமுள்ளது என்ற பொதுவிதியை 1871இல் டார்வின் எழுதினார். அதை எண்களால் சோதித்தவர் ஆங்கஸ் ஜான் பேட்மன் என்ற ஆங்கிலேய மரபியலாளர். அவருடைய கட்டுரை 1948இல் வந்தது. ஆண் ஈக்கு இணைகள் கூடக் கூடப் பிள்ளைகளும் கூடும், பெண் ஈக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இணையால் பெரிய லாபமில்லை என்பது அவர் முடிவு. 1972இல் அமெரிக்கப் பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் அதை எடுத்தாண்டார். அதன்பின் பாடநூல்களில் அது 'பேட்மன் கோட்பாடு' ஆகிவிட்டது.

டி.என்.ஏ. சோதனை இல்லாத காலத்தில், எந்த ஈ எந்த ஈயோடு சேர்ந்தது என்பதை பேட்மன் எப்படிக் கண்டுபிடித்தார்? அவர் வழி அபாரமானது. ஒரு பாட்டிலில் 3 ஆண், 3 பெண் அல்லது 5 ஆண், 5 பெண். ஒவ்வொரு ஈக்கும் கண்ணால் பார்த்தாலே தெரியும் ஒரு தனி அடையாளம்: ஒன்றுக்கு இறக்கை மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், இன்னொன்றுக்கு உடல் முட்கள் தடித்திருக்கும், வேறொன்றுக்குத் தலை சிறுத்திருக்கும். எல்லாமே ஓங்கு பண்பு கொண்ட சடுதிமாற்றங்கள், அதாவது ஜோடியில் ஒரு மரபணு மாறியிருந்தாலே வெளியே தெரிபவை. ஆனால் மரபணு ஜோடியில் ஒன்று மட்டும்தான் மாறியது, மற்றது இயல்பானது. ஆகவே எந்தப் பெற்றோரின் அடையாளமும் பிள்ளைக்குப் போய்ச்சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சுருள் இறக்கை ஆணும் தடித்த முள் பெண்ணும் சேர்ந்து 100 பிள்ளைகள் என்று வையுங்கள். மெண்டல் கணக்குப்படி சுமார் 25 பிள்ளைகளுக்கு இரண்டு அடையாளமும் இருக்கும். 25க்கு அப்பாவுடையது மட்டும், 25க்கு அம்மாவுடையது மட்டும், மீதி 25க்கு எதுவுமே இல்லை. முதல் 25 பிள்ளைகள்தான் தாய், தகப்பன் இருவரையும் காட்டிக்கொடுக்கும் சாட்சிகள். மற்றவற்றில் ஒருவர் பெயரோ இருவர் பெயருமோ விடுபட்டிருக்கும். ஓர் ஈக்கு எத்தனை இணை என்பதை பேட்மன் எண்ணியது அந்த இரட்டை அடையாளப் பிள்ளைகளை வைத்து மட்டுமே.

இங்கேதான் சிக்கல். சிறுத்த தலையோடு ஒரு புழு வளர்வதே பாடு. அதோடு வேறொரு பெரிய குறைபாடும் சேர்ந்தால் பல புழுக்கள் ஈயாகி வெளியே வருவதேயில்லை. இரட்டை அடையாளப் பிள்ளைகள் இறந்துவிட்டால், சேர்ந்து 75 பிள்ளை பெற்ற ஜோடியும் பேட்மனின் பதிவேட்டில் 'சேரவே இல்லை' என்று ஆகிவிடும். ரேஷன் கார்டில் பெயர் விடுபட்டவர் ஊரிலேயே இல்லை என்று முடிவு கட்டுவது மாதிரி. யாரும் சாகாவிட்டாலும் சின்ன எண்ணிக்கை காலை வாரும்: ஒரு ஜோடிக்கு 4 பிள்ளைகள்தான் என்றால், அவற்றில் ஒன்றுகூட இரட்டை அடையாளமில்லாமல் போக 100க்கு 32 வாய்ப்பு.

2012இல் உயிரியலாளர்கள் பட்ரீஷியா கோவாட்டி, யோங்-க்யு கிம், வையாட் ஆண்டர்சன் மூவரும் பேட்மனின் முறையையே கையாண்டு சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இரட்டை அடையாளப் பிள்ளைகள் பிழைக்காததால் 'இணையே இல்லாதவை' என்று பதிவான ஈக்கள் உண்மையைவிட அதிகம், இணை கிடைத்தவை குறைவு என்பது தெரிந்தது. சோதனையைத் திரும்பச் செய்யாமலே ஒரு கோளாறைப் பிடித்திருக்கலாம். பேட்மனின் அட்டவணைகளில் அப்பாக்களுக்கு எழுதப்பட்ட பிள்ளைகள் அம்மாக்களுக்கு எழுதப்பட்டதைவிட அதிகம்! ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அப்பா, ஒரு அம்மா. இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக வந்தே தீர வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கூட்டல் இது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை, ஏனென்றால் முடிவு எதிர்பார்த்தபடியே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. பேட்மன் ஆறு தொடர் சோதனைகளை இரண்டு வரைபடங்களாகப் பிரித்துப் போட்டார். முதல் நான்கு தொடர்களின் படத்தில், இணைகள் கூடும்போது பெண்ணின் பிள்ளைகளும் கூடத்தான் செய்கின்றன. கடைசி இரண்டு தொடர்களின் படத்தில் மட்டும்தான் பெண்ணின் கோடு படுத்துக்கொள்கிறது. பாடநூல்கள் பிரபலமாக்கியது இந்த இரண்டாவது படத்தை.

சோதனை நடந்த காலமும் 3, 4 நாட்கள்தான். ஆண் பழ ஈயின் விந்துத் திரவத்தில் 36 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதம் இருக்கிறது. அது விந்தணுக்களின் வாலில் ஒட்டிக்கொண்டு பெண்ணின் உடலுக்குள் போய், பல நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று நரம்புகளின் போக்கை மாற்றும். பெண் முட்டையிடத் தொடங்கும், அணுகும் ஆண்களை உதைத்துத் தள்ளும். அதாவது பெண் ஈயின் 'கூச்சத்தில்' கணிசமான பங்கு, முந்தைய ஆண் செலுத்திவிட்டுப் போன வேதிப்பொருள்! சேமித்த விந்து தீர்ந்ததும் அவள் மறுபடி இணை சேர்வாள். நான்கு நாளில் பாட்டிலைக் காலி செய்பவருக்கு இது தெரியவராது.

விந்து மலிவு என்ற அடிப்படையும் எல்லா இடத்திலும் நிற்காது. டிரோசோபிலா பைஃபர்கா என்ற ஈயின் விந்தணு நீளம் கிட்டத்தட்ட 5.8 செ.மீ. ஈயின் உடலோ சில மில்லிமீட்டர்தான்.

ஆண்-பெண் வேறுபாடே கிடையாது என்பது பெண்ணிய உயிரியலாளர்களின் வாதமல்ல. எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்பதே அவர்கள் கேள்வி. டார்வினுக்கு நான்கே ஆண்டுகளில், 1875இல், அமெரிக்காவின் ஆன்டோனெட் பிரவுன் பிளாக்வெல் பதில் எழுதினார். ஆணின் சிறப்புகளை மட்டும் பட்டியலிட்டால் போதாது, பெண்ணின் பக்கத்தையும் அதே தராசில் வையுங்கள் என்றார். 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் குரங்குகளைக் கவனித்த அமெரிக்க மானுடவியலாளர் சாரா ஹர்டி, பெண் குரங்குகள் கூட்டத்துக்கு வெளியே உள்ள ஆண்களையும் தேடிப் போவதைப் பதிவு செய்தார். யார் தகப்பன் என்று குழம்பினால், கூட்டத்துக்குப் புதிதாக வரும் ஆண் குரங்கு, அங்குள்ள குட்டிகளைக் கொல்லத் தயங்கும் என்பது அவர் விளக்கம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் அறுபதுக்கும் மேற்பட்ட விலங்கினங்களின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வில், இணை எண்ணிக்கையால் கிடைக்கும் லாபம் சராசரியில் ஆண்களுக்கே அதிகம் என்று வந்தது. ஆகவே பேட்மனின் யூகம் முற்றிலும் பொய் என்று யாரும் துள்ள வேண்டாம். ஆனால் அது இனத்துக்கு இனம் மாறும் ஒரு சராசரி. மனிதப் பெண்ணின் கற்புக்கு ஈயிடமிருந்து சான்றிதழ் வாங்குவதை அது நியாயப்படுத்தாது.

1948க்கும் 2012க்கும் இடையே 64 ஆண்டுகள். பழைய சோதனையைத் திரும்பச் செய்கிறேன் என்று விண்ணப்பித்தால் 'புதுமை இல்லை' என்று நிதியைத் தட்டிக்கழிப்பது பல இடங்களில் உள்ள வழக்கம், என் பார்வையில் கெட்ட வழக்கம். இத்தனைக்கும் இது கல்லூரி ஆய்வகத்திலேயே முடிகிற வேலை. ஈக்களுக்கான தீனி இது: 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் ரவை, 100 கிராம் வெல்லம், இறுகவைக்க 10 கிராம் அகர் (கடற்பாசிப் பசை). காய்ச்சி இறக்கிச் சற்று ஆறியதும் பூஞ்சை பிடிக்காதிருக்க 7.5 மி.லி. புரோப்பியானிக் அமிலம், இறுகியதும் மேலே கொஞ்சம் ஈஸ்ட். 25 டிகிரியில் பத்து நாளில் புதிய ஈக்கள் வரும். பெண் ஈக்களை வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் அவை ஏற்கெனவே இணை சேர்ந்திருக்கும், கணக்கு அங்கேயே கெட்டுவிடும். கூட்டமாகப் பாட்டிலில் விடுவதற்கு முன், ஒவ்வொரு ஜோடியையும் தனிக்குழாயில் விட்டு, நான்கு வகைப் பிள்ளைகளும் சம அளவில் பிழைத்து வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராத ஜோடியின் அடையாளங்களை அந்தப் பாட்டிலில் சேர்க்கக் கூடாது.