வென்டிலேஷன்: காற்றோட்டமா, காற்றுமாற்றா?

மதுரைப் பக்கம் வீடு கட்டும்போது மேஸ்திரி வாயில் அடிக்கடி வரும் சொல் வென்டிலேட்டர். சன்னலுக்கு மேலேயோ குளியலறைச் சுவரின் உச்சியிலோ, கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துச் செருகி வைக்கும் சின்னத் திறப்பு அது. 2020க்குப் பிறகு அதே சொல் மருத்துவமனைக் கருவியாகவும் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

இலத்தீனில் 'வென்டுஸ்' என்றால் காற்று. அதிலிருந்து வந்த 'வென்டிலாரே' என்ற வினைக்கு விசிறுதல் என்ற பொருள் உண்டு. களத்தில் தானியத்தைக் காற்றில் தூற்றுவதையும் அதே சொல்லால் குறித்தார்கள். பதரைப் பறக்கவிட்டு மணியை நிறுத்துகிற வேலை. கெட்டதை வெளியேற்றுவது என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் ஆதியிலேயே இருக்கிறது. தமிழில் நாம் பழகிவிட்ட 'காற்றோட்டம்' என்ற சொல்லில் இந்தக் கருத்துதான் விட்டுப்போகிறது.

காற்றோட்டம் என்றால் காற்று ஓடுவது. மின்விசிறி போட்டாலே காற்று ஓடும், வேர்வை காயும், உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆனால் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு விசிறியைப் போட்டால், அறைக்குள் இருக்கும் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான். அறைக் காற்றை இழுத்துக் குளிர்வித்து மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. அந்த வகையில் 'குளிரூட்டி' என்று யார் பெயர் வைத்தாரோ, நேர்மையானவர். "ஏசி போட்டாச்சுல்லண்ணே, அப்புறம் வென்டிலேட்டர் எதுக்கு, அடைச்சிருவோம்" என்பது கட்டுமான இடங்களில் சர்வசாதாரணமாகக் காதில் விழுகிற பேச்சு. காற்றோட்டம் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கட்டடக் காற்றை ஆய்கிறவர்கள் வென்டிலேஷன் என்று சொல்வது வேறொன்றை: உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, அந்த இடத்துக்கு வெளிக்காற்று வருவது. மியூனிக் நகரில் இருந்த சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இல் குடியிருப்புக் கட்டடங்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே 'லுஃப்ட்வெக்ஸல்' என்ற ஜெர்மன் சொல் இருக்கிறது. லுஃப்ட் என்றால் காற்று, வெக்ஸல் என்றால் மாற்று. அறைக் காற்று எவ்வளவு பழசாகிவிட்டது என்று அறிய கரியமில வாயுவை அளந்தால் போதும் என்றவர் அவர். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டினால் அறை சரியில்லை என்றார். அந்த அளவில் அந்த வாயு யாரையும் கொன்றுவிடாது. மனித உடம்பிலிருந்து வருகிற மற்ற கழிவுகளும் வாடையும் எவ்வளவு தேங்கியிருக்கின்றன என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். இன்றும் அந்த 1000 என்ற எண் புழக்கத்தில் இருக்கிறது.

நம் ஊர் அறைக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 10க்கு 12 அடி படுக்கையறை, 10 அடி உயரம்: 1200 கன அடி, ஏறத்தாழ 34,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவர் என்றால் 24 லிட்டர். அறையை முழுக்க அடைத்துவிட்டால் மணிக்குப் பத்து லட்சத்தில் 700 பங்கு ஏறும். வெளிக்காற்றிலேயே 420 பங்குக்கு மேல் இருக்கிறது. ஆக, படுத்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் பெட்டன்கோஃபரின் எல்லையைத் தாண்டிவிடுவோம். நடப்பில் கதவிடுக்கு, சன்னலிடுக்கு எல்லாம் கசிவதால் இவ்வளவு வேகமாக ஏறாது. இடுக்கே இல்லாத யுபிவிசி என்ற பிளாஸ்டிக் சன்னல்கள் வந்த பிறகு அந்தக் கசிவும் குறைந்துகொண்டே வருகிறது.

மேற்கே இந்தப் பாடத்தை ஒரு சுற்று சுற்றித்தான் படித்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிசக்தியை மிச்சம்பிடிக்கக் கட்டடங்களை இறுக்கி மூடினார்கள். அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் 1981ஆம் ஆண்டுத் தரவிதி, புகைபிடிக்காத அலுவலகத்தில் ஒருவருக்கு வினாடிக்குச் சுமார் 2.5 லிட்டர் வெளிக்காற்று போதும் என்றது. தலைவலி, கண்ணெரிச்சல், தொண்டை வறட்சி என்று ஊழியர்கள் சொல்லத் தொடங்கினார்கள். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். 'நோயுற்ற கட்டட நோய்க்குறி' என்ற பெயர் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். 1989இல் குறைந்தபட்ச அளவை 7.5 லிட்டராக உயர்த்தினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? திறப்புக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. சன்னல் என்பது போர்த்துகீசிய 'ஜனேலா'. அதற்கு முன்பே சாளரம், பலகணி, புழை, காலதர் எல்லாம் இருந்தன. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' வருகிறது. மானின் கண் போன்ற திறப்பு. வென்டிலேட்டர் என்ற கட்டட உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

மதுரைக்காரர்களுக்கு இதில் பெருமைப்பட இன்னும் இருக்கிறது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்த ஊர் வீடுகளை 'சில்காற்று இசைக்கும் பல்புழை நல்லில்' என்கிறார். புழை புழையாகத் திறப்பு வைத்து, மெல்லிய காற்று ஒலிக்கிற நல்ல வீடு. நெடுநல்வாடையில் 'வேனிற் பள்ளித் தென்வளி தரூஉம் நேர்வாய்க் கட்டளை' என்று ஓர் இடம். கோடைக்கான படுக்கையறைக்குத் தென்றலைக் கொண்டுவரும் சாளரம் என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். வாடைக் காலத்தில் அதை அடைத்துத் தாழிட்டு வைத்திருக்கிறார்கள். பருவம் பார்த்துத் திறக்கவும் அடைக்கவும் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். கிராமத்து வீடுகளில் தலைவாசலும் கொல்லைவாசலும் ஒரே நேர்கோட்டில் இருப்பதும் இதே அறிவுதான். ஒரு பக்கம் நுழைவதற்கு மறுபக்கம் வெளியேற வழி வேண்டும்.

செயலுக்கு என் பரிந்துரை 'காற்றுமாற்று'. பண்டமாற்று நமக்குப் பழகிய சொல். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. இரண்டும் நடந்தால்தான் மாற்று. பழைய காற்று போய்ப் புதுக்காற்று வருவதற்கும் இதே கணக்கு. அளவுகோலும் இதிலிருந்து எளிதாக வந்துவிடும்: அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை வருகிறதோ, அதுதான் மணிக்கு இத்தனை காற்றுமாற்று. காற்றோட்டம் என்ற சொல்லைத் தூக்கியெறிய வேண்டாம். விசிறிக்கும் திண்ணைக்கும் அது இருக்கட்டும்.

கூடவே வரும் இன்னொரு தொடர் 'உட்புறக் காற்றின் தரம்'. இது வேறு, காற்றுமாற்று வேறு. சாயங்காலமானால் கொசுவுக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்துகிறோம். ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிப்பதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அங்கே முதல் வேலை சுருளை நிறுத்திவிட்டுச் சன்னலுக்கு வலையடிப்பது. அதன் பிறகுதான் காற்றுமாற்றுப் பேச்சு. வெளிக்காற்று எப்போதும் சுத்தம் என்றும் இல்லை. பரபரப்பான சாலையைப் பார்த்த சன்னலைத் திறந்தால் வண்டிப் புகையும் சேர்ந்துதான் வரும்.

மேஸ்திரியிடம் போய்க் 'காலதர் வையுங்கள்' என்றால் விழிப்பார். அங்கே வென்டிலேட்டர் என்றே சொல்லிக்கொள்ளலாம். குளியலறையில் எக்சாஸ்ட் ஃபேன் போதும் என்று அவர் சொன்னால், கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் வெளியே தள்ளக் காற்று கிடைக்காது.