அந்த ஒரு மில்லிமீட்டர் துளையில் கை வைக்காதீர்கள்

போன வாரம் திங்கள்நகர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பெட்ரோல் டர்போ கார் ஒன்றைக் கொண்டுவந்தான். பழைய டர்போவைக் கழற்றிவிட்டு, துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்பிய பணத்தில் பெரிய பால் பேரிங் டர்போ மாட்டியிருக்கிறான். (எக்ஸாஸ்ட் காற்றில் ஒரு வீல் சுற்ற, அதே ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் வீல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும், அந்தச் சாமான்தான் டர்போ.) மாட்டி நாலு மாதம்கூட ஆகவில்லை. மார்த்தாண்டத்து நெரிசலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நீலப் புகை ரோட்டையே மறைக்கிறதாம். "சீல் போயிட்டுன்னு சொன்னாங்க அண்ணாச்சி. உள்ள ஷாஃப்டும் பேரிங்குமா இருக்கிற காட்ரிட்ஜையே மாத்தியாச்சு. மறுபடியும் அதே புகைதான்" என்றான். முகம் செத்துப்போயிருந்தது.

நான் டர்போவைத் திறக்கவே இல்லை. எண்ணெய் வரும் லைனை மட்டும் கழற்றினேன். டர்போவுக்குப் போகும் எண்ணெயை ஊசித் துளை வழியாக அளந்து விடும் ரெஸ்ட்ரிக்டர் கைக்கு வந்தது. ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய துளையை 3 மி.மீ. பிட் போட்டு யாரோ பெரிதாக்கியிருந்தார்கள். இந்த வருடம் இப்படி என் மேசைக்கு வந்த நாலாவது ரெஸ்ட்ரிக்டர் இது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

துளையைப் பெரிதாக்கியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான், ஊசித் துளையில் போகிற எண்ணெய் அதுக்கு எப்படிக் காணும்?" என்று நினைத்திருப்பார். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு பழைய புஷ் டைப் டர்போவின் கணக்கு. அதில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றும், அதனால் எண்ணெய் நிறைய ஓட வேண்டும். பால் பேரிங்கில் ஷாஃப்டைத் தாங்குவது குண்டுகள். குண்டு நனைந்திருக்கவும், பேரிங்கைச் சுற்றி அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கவும் வேண்டிய அளவு எண்ணெய் போதும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு துளியும் உள்ளே கடைந்த மோர் மாதிரி நுரைத்து, வெளியேற வழி தேடும்.

இன்னொன்று. 1 மி.மீ.-ஐ 3 மி.மீ. ஆக்கினால் மூன்று மடங்கு எண்ணெய் என்று நினைக்கிறார்கள். இல்லை. துளையின் பரப்பு ஒன்பது மடங்கு ஆகிறது.

இனி இந்த "சீல் போச்சு" கதைக்கு வருகிறேன். தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் போவதெல்லாம் இங்கேதான். டர்போவின் ஷாஃப்டில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்குமே, உதடு வைத்த ஆயில் சீல், அதைப் போல ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வெப்பத்திலும் வேகத்திலும் ரப்பர் ஒரு நாள் தாங்காது. உள்ளே இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம். இரண்டு பக்க வீல்களுக்குப் பின்னால் இருக்கும் காற்றழுத்தமும், எண்ணெயைச் சுழற்றி வெளியே வீசும் ஷாஃப்டின் அமைப்பும், தடையில்லாமல் கீழே இறங்கும் ரிட்டர்ன் லைனும் சேர்ந்துதான் எண்ணெயை உள்ளே நிறுத்துகின்றன. நடுவில் இருக்கும் அறை எண்ணெயால் நிரம்பிவிட்டால் எந்த வளையமும் அதைத் தடுக்காது. புது காட்ரிட்ஜ் போட்டாலும் ஒழுகும், அதற்கடுத்த காட்ரிட்ஜும் ஒழுகும். எண்ணெய் ஒழுகினால் முதல் சந்தேகம் வரத்தின் மேலும் வடிகாலின் மேலும் வர வேண்டும். சீலின் மேல் கடைசியில்.

நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. மறுகால், அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழி, அடைத்துக் கிடக்கும் குளத்துக்கு வரத்தைக் கூட்டினால் கரை என்ன ஆகும்? அந்தத் தம்பியின் காரில் மறுகாலும் சரியில்லை. ரிட்டர்ன் ஹோஸ் வழியில் ஒரு வளைவு தொங்கி மறுபடி மேலே ஏறுகிறது. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்பில் அது சேரும் இடமோ எண்ணெய் மட்டத்துக்குக் கீழே. அழுத்தத்தில் உள்ளே வருகிற எண்ணெய், நுரையாகி, வெறும் தன் எடையால் கீழே இறங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் வரும் குழாய் ஒல்லியாகவும் போகும் குழாய் தடியாகவும் இருக்கிறது. ரிட்டர்னின் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. டர்போவின் அடியிலிருந்து கூடிய மட்டும் செங்குத்தாக இறங்கி, சம்பின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இடமில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள், இடம் இல்லாவிட்டால் அந்த டர்போ அந்த வண்டிக்கு இல்லை.

ரிட்டர்ன் சரியாக இருந்தும் புகை வந்தால், கிராங்க் அறையின் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதரைப் பாருங்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்கோடு ஓடும் எஞ்சினில் கிராங்க் அறையில் அழுத்தம் கூடும், அது எண்ணெயை இறங்கவிடாமல் கீழிருந்து தள்ளிப் பிடிக்கும். எஞ்சினின் நோய்க்கு டர்போவை அறுவை செய்து பயனில்லை.

அப்படியென்றால் எவ்வளவு எண்ணெய்? எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது டர்போ வாயில் எண்ணெய் அழுத்தம் 40 முதல் 45 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும் என்று காரெட் நிறுவனம் தன் பால் பேரிங் டர்போக்களுக்குச் சொல்கிறது. பல சாதாரண கார்களுக்கு இது குறைந்தது 0.040 அங்குலத் துளை, அதாவது சுமார் 1 மி.மீ. உங்கள் எஞ்சினின் ஆயில் பம்ப் வேறு மாதிரி இருக்கலாம். அதனால் ரெஸ்ட்ரிக்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு டி (மூன்று வாய் இணைப்பு) போட்டு கேஜ் மாட்டி, சூடான எஞ்சினில் அளந்து பாருங்கள். அளக்காமல் லேத்துக்குப் போகாதீர்கள். சில மாடல்களில் ரெஸ்ட்ரிக்டர் உள்ளேயே வரும். அதைப் படிக்காமல் வெளியே இன்னொன்று போட்டு, எண்ணெய் இல்லாமல் பேரிங்கைக் கருக்கிக் கொண்டுவந்தவரும் உண்டு. டர்போவோடு வரும் தாளை டப்பாவோடு வீசாதீர்கள் மக்கா, அதில் எல்லாம் எழுதியிருக்கிறது.

இவ்வளவு சின்னத் துளை என்பதால் சுத்தம் ரொம்ப முக்கியம். எண்ணெய் வரும் ஃபீட் லைன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், சிலிக்கான் பேஸ்டும் வேண்டாம். பிய்ந்து வரும் ஒரு நூல் போதும், துளை அடைபட்டுவிடும். லைனை டர்போவோடு சேர்க்கும் பேன்ஜோ போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். லைனில் 10 மைக்ரான் ஃபில்டர் போட்டால் நல்லது, போட்டால் அதை மாற்றவும் வேண்டும். பழைய ஹோஸைத் துடைத்து மாட்டி மிச்சம் பிடிக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிற லைன் கம்பி வலை போட்ட டெஃப்லான் ஹோஸாகவே இருக்கட்டும். சாதாரண ரப்பர் ஹோஸ் அங்கே வெடித்தால் பானெட்டுக்குள் தீ.

டர்போவின் கூலன்ட் (தண்ணீர்) துளைகளை போல்ட் போட்டு அடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் குறைவாக ஓடுகிற டர்போ என்பதால்தான் அதற்குத் தண்ணீர் தேவை. வண்டியை அணைத்த பிறகு எக்ஸாஸ்ட் பக்கத்து வீலின் சூடு பேரிங்குக்கு ஏறும்போது அதை வாங்கிக்கொள்வது தண்ணீர்தான். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் எண்ணெய் கரியாகிவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் டர்போவில் எண்ணெய் வரும் வாயில் கொஞ்சம் சுத்தமான எண்ணெய் விட்டு வீலைக் கையால் சுற்றுங்கள். அப்புறம் எஞ்சின் பிடிக்காதபடி எரிபொருளை நிறுத்திவிட்டு, எண்ணெய் ஏறும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். ஐந்து நிமிட வேலை.

டீசல் வண்டிக்காரர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். டர்போவில் ஒழுகும் எண்ணெய் இன்டேக்குக்குள் போனால் டீசல் எஞ்சின் அதையே எரித்து ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். என் ஷெட்டுக்குள்ளேயே ஒரு ஜீப் இப்படி அலறியிருக்கிறது. அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. கியர் வண்டியானால் பிரேக்கை முழுதாக அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள், எஞ்சின் திணறி நிற்கும். அது முடியாவிட்டால் காற்று போகும் வாயைத் தடித்த பலகையால் மூட வேண்டும். கையையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும். எதற்கும் வழியில்லை என்றால் எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு நீங்களும் விலகிவிடுங்கள். எஞ்சின் போனால் போகட்டும்.

திங்கள்நகர் தம்பியின் காருக்குப் புது ரெஸ்ட்ரிக்டர் போட்டு, ரிட்டர்னை நேராக்கி, சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே புதுத் துளை எடுத்துச் சேர்த்தேன். டர்போவில் எதையும் மாற்றவில்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் தேங்கியிருந்த எண்ணெயைக் கழுவிவிட்டு ஆரல்வாய்மொழி வரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வந்து பத்து நிமிடம் அப்படியே நிற்கவைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். சைலன்சருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தான். புகை இல்லை. "அப்போ நான் மாத்தின பழைய காட்ரிட்ஜ்?" என்று கேட்டான். அது நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது.