எஞ்சின் பத்தலையா, கியர் பத்தலையா?

சித்தப்பாவின் அம்பாசிடர் 70 வரை சாதுவாகப் போகும். 80ஐத் தொட்டால் கத்த ஆரம்பிக்கும். சேலத்திலிருந்து சென்னை போகிற நாலுவழிச் சாலையில் பால் டேங்கர்கூட எங்களைத் தாண்டிக்கொண்டு போகும். 1974 மாடல், 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டிய கம்பியில் நாலு கியர். பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற யோசனை ஒன்றுதான்: "பழசைத் தூக்கிப் போட்டுட்டு இசுஸு எஞ்சின் வெச்சிடுங்க, பறக்கும்."

ராசிபுரம் பக்கம் ஒரு பட்டறையில் மட்டும்தான் எதிர்க்கேள்வி வந்தது. "ஏனுங்க, உங்களுக்கு எஞ்சின் பத்தலைங்களா, கியர் பத்தலைங்களா?" என்றார் மேஸ்திரி. சித்தப்பா முழித்தார். எனக்கும் சட்டென்று விடை தெரியவில்லை. அதற்குப் பிறகு நோட்டில் போட்டுப் பார்த்த கணக்குதான் இந்தக் கட்டுரை.

ஒரு கார் சமதளத்தில் ஒரே வேகத்தில் போக எவ்வளவு திறன் வேண்டும்? எதிர்ப்பது இரண்டே ஆசாமிகள். ஒன்று டயர்: உருளும்போது நசுங்கி நிமிர்வதில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். இன்னொன்று காற்று. டயரின் எதிர்ப்பு வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்று அப்படியில்லை, வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நாலு மடங்கு, அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. ஆள்களோடு 1,300 கிலோ, அலமாரி மாதிரியான முகப்பு என்று வைத்து உத்தேசமாகக் கணக்குப் போட்டேன். 80இல் போகச் சக்கரத்தில் சுமார் 15 குதிரைத்திறன் போதும். 100க்கு 26. 120க்கு 41.

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் ஏறக்குறைய 50 குதிரைத்திறன் தரும். கியர்பாக்ஸும், பின் அச்சில் இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் தின்றது போக மிச்சத்தில் 100 போகத் தாராளமாகவே இருக்கிறது. அப்படியானால் 80இலேயே ஏன் அந்தக் கத்தல்?

மேஸ்திரி அதைக் கண்டுபிடித்த விதம் அழகு. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைபிரேக்கை எடுத்துவிட்டு, பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு அடியில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. "தம்பி, நீங்க சக்கரத்தைச் சுத்துங்க. இருபது சுத்து. நான் கீழ எண்ணறேன்." பையன் ஒருவன் டார்ச் அடிக்க, அவர் படுத்துக்கொண்டே எண்ணினார். இருபது முடிந்தபோது ஷாஃப்ட் 45 சுற்று முடித்து, அரைச் சுற்றும் சொச்சமும் தாண்டியிருந்தது.

தரையில் இருக்கும் சக்கரம் நகராதபோது, தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். டிஃபரன்ஷியலின் குணம் அது. இரண்டு சக்கரங்களின் சராசரியைத்தான் அது பார்க்கும். ஆக, கிரவுனுக்குப் பத்துச் சுற்று, ஷாஃப்டுக்கு நாற்பத்தைந்தரை. விகிதம் 4.55. அதாவது ஷாஃப்டின் முனையில் கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல். வண்டியைப் பிரிக்காமல், ஒரு சாக்பீஸ் செலவில் இதைத் தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

இனிக் கணக்கு சுலபம். டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.05 மீட்டர் ஓடுகிறது. நாலாவது கியரில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். எனவே எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் கார் 27 கி.மீ. வேகத்தில் போகும். 80இல் போக எஞ்சின் கிட்டத்தட்ட 3,000 சுற்றவேண்டும், 100க்கு 3,700. இந்த எஞ்சின் தன் முழுத் திறனையும் தருவதே 4,200 பக்கத்தில்தான். 100இல் போகும்போது அது ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது. தேவையோ அதன் பலத்தில் பாதிச் சொச்சம். சைக்கிளில் பெரிய மேடு ஏறுகிற பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு சமதளத்தில் காலை வேகவேகமாக மிதிக்கிற கதை.

சத்தம் மட்டும் பிரச்சினை என்றால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். உள்ளே நடப்பதுதான் கவலை. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 88.9 மி.மீ., அந்தக் காலத்து நீள ஸ்ட்ரோக். 3,700 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் சராசரியாக நொடிக்கு 11 மீட்டர் ஓடி, நிமிடத்துக்கு 7,400 முறை திசை திரும்புகிறது. திரும்பும் ஒவ்வொரு முறையும் கனெக்டிங் ராடிலும் பேரிங்கிலும் விழும் இழுப்பு, சுற்றின் வர்க்கத்தில் ஏறும். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவதோ மூன்றே மெயின் பேரிங்குகள். சுற்றை 3,000க்கு இறக்கினால் அந்த இழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

இந்த எஞ்சினின் பூர்வீகம் சுவையானது. பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் 'பி சீரிஸ்'. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஓடியது, அதன் வழியாக மேற்கு வங்கத்தில் அம்பாசிடர் தயாரான உத்தர்பாராவுக்கு வந்தது. இதே குடும்பத்து எஞ்சின்தான் சிலிண்டரை 80 மி.மீ. வரை குடைந்து 1,798 சிசி ஆக்கப்பட்டு, எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தது. ஸ்ட்ரோக் அதே 88.9 மி.மீ. அங்கேயும் முதலில் மூன்று மெயின் பேரிங்தான்; 1964 அக்டோபரில் ஐந்தாக்கினார்கள். எம்ஜிபியில் கிரவுன் பினியன் விகிதம் 3.9, 100இல் போக சுமார் 3,500 சுற்று. இன்றைக்கும் அந்தக் காரை வைத்திருக்கும் ஆங்கிலேயர்கள், எஞ்சினைத் தொடாமல் ஐந்து கியர் பெட்டியை மாட்டிக்கொள்வது சர்வ சாதாரணம்.

சரி, எஞ்சினையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே கார்தான் உதாரணம். 1973இல் தொழிற்சாலையே எம்ஜிபிக்குள் ரோவரின் 3,528 சிசி வி8 எஞ்சினை வைத்தது. 137 குதிரைத்திறன். எட்டு சிலிண்டர் என்றதும் மூக்கு கனத்துவிடும் என்று தோன்றும். அந்த வி8 அலுமினியம், பழைய நாலு சிலிண்டரோ வார்ப்பிரும்பு. புதியதுதான் எடை குறைவு. கவனிக்க வேண்டியது வேறொன்று: எஞ்சினை மாற்றியதோடு நிற்காமல் கிரவுன் பினியன் விகிதத்தையும் 3.07க்கு இறக்கினார்கள். அப்படிச் செய்திராவிட்டால் அத்தனை பலமும் அதே கத்தலாகத்தான் வந்திருக்கும்.

நம் ஊரில் ஆளுக்கு ஆள் 'இசுஸு, இசுஸு' என்பதன் ரகசியமும் இதில் பாதி. 1990களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்கு வந்த 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினுக்கு 75 குதிரைத்திறன். அதோடு ஐந்து கியர் பெட்டியும் வந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் எஞ்சினைப் புகழ்ந்தார்கள். நெடுஞ்சாலையில் அவர்கள் அனுபவித்த அமைதியில் பெரும்பங்கு ஐந்தாவது கியருடையது என்பது என் கட்சி.

ஐந்தாவது கியர் என்ன செய்கிறது? அதன் விகிதம் 0.82 என்று வைத்துக்கொள்வோம், இந்த வகைப் பெட்டிகளில் அடிக்கடி காணும் எண் அது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் 1.22 சுற்று சுற்றும். சித்தப்பா வண்டியில் 80க்கு 3,000 என்பது 2,400 ஆகும். 100க்கு 3,700 என்பது 3,000 ஆகும். பலம் ஒரு துளிகூடக் கூடவில்லை. 3,000 சுற்றில் இந்த எஞ்சினிடம் 40 குதிரைத்திறன் பக்கம் இருக்கும், 100இல் போகச் சக்கரத்தில் 26 வேண்டுமானால், வழியில் தின்பதையும் சேர்த்து எஞ்சினிடம் நமக்குத் தேவை 30. மிச்சம் கம்மிதான். லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் நாலாவதுக்கு இறக்கித்தான் ஆகவேண்டும். ஐந்தாவதில் போட்டு அழுத்தி, "பிக்கப்பே இல்லை" என்று திட்டுவதில் நியாயமில்லை.

இதற்கு மாற்றாக கிரவுன் பினியனை மட்டும் மாற்றினால்? 43க்கு 11 என்ற பல் ஜோடி, அதாவது எம்ஜிபியின் 3.9, பொருந்துமானால் 100இல் சுற்று 3,200க்குள் வந்துவிடும். செலவும் குறைவாகத் தெரியும். ஆனால் டிஃபரன்ஷியல் எல்லா கியருக்கும் பொது. டாப் கியர் மட்டும் நீளாது, முதல் கியரும் சேர்ந்து நீளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், குடும்பத்தோடு நின்று கிளம்புவதை நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் கிளம்பச் சக்கரத்தில் வேண்டிய முறுக்கு விசையை முதல் கியரும் கிரவுன் பினியனும் சேர்ந்துதான் பெருக்கித் தருகின்றன. அதில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டால், அந்தக் குறையைக் கிளட்ச் பிளேட் கருகிச் சமாளிக்கும். சமதளக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. நாமக்கல்காரருக்குப் பிரச்சினை. ஐந்து கியர் பெட்டியில் முதல் கியர் அப்படியே இருக்கும், மேலே ஒரு படி கூடும். அதனால்தான் விலை அதிகமானாலும் எனக்கு அது பிடிக்கிறது.

வேறொரு வண்டியின் கியர்பாக்ஸை மாட்டுவது போல்ட் முடுக்குகிற வேலை என்று நினைக்க வேண்டாம். எஞ்சினுக்கும், கியர்பாக்ஸை அதோடு இணைக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்கும் இடையில் ஒரு அடாப்டர் தட்டு வேண்டும். கியர்பாக்ஸின் முன்தண்டு எஞ்சினுடைய கிராங்கின் மையத்துக்கு நேராக நிற்கவேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு விலகினாலும் கியர் தானாக நழுவும், பேரிங் சீக்கிரம் போகும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் புதுத் தண்டோடு சேரவேண்டும், வெளிவட்டம் பழைய ஃப்ளைவீலோடு சேரவேண்டும். ஷாஃப்டை வெட்டி நீளம் திருத்தி, பேலன்ஸ் பார்க்கவேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் 60இல் தரை அதிரும்.

பிரேக்கைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை, எனக்கோ இதில்தான் பயம். 80இல் போகும் 1,300 கிலோவை ஒரு தடவை நிறுத்தும்போது பிரேக் டிரம்களில் இறங்கும் வெப்பம், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 110இல் நிறுத்தினால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர். நாலு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய அம்பாசிடரில் அந்த வெப்பம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். டிரம் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூ எட்டாமல், பெடல் கீழே இறங்கும். 75 குதிரைகளைக் கட்டுவதற்கு முன்னால் கடிவாளத்தைப் பார்க்கவேண்டும். முன்சக்கரத்துக்கு டிஸ்க், அதற்குப் பெடலில் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோ, அப்புறம்தான் மற்றது.

எஞ்சினை வைத்துக்கொண்டே அதை முறுக்கேற்றலாமே என்பார்கள். பெரிய கார்புரேட்டர் மட்டும் மாட்டிப் பயனில்லை. இந்த எஞ்சினின் தலைப்பகுதியில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து உள்வழி இரண்டேதான்; இரண்டு சிலிண்டர் ஒரே வாசலில் மூச்சு வாங்குகின்றன. கார்புரேட்டர் எவ்வளவு பெரிதானாலும் வாசல் அதே வாசல். தலையைக் கழற்றுவதானால் ஒன்று செய்யலாம்: வால்வு உட்காரும் இடத்தில் கடினமான உலோக வளையம் போட்டுவிடலாம். ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்த எஞ்சின் இது. 2000இல் ஈயம் போய்விட்டது, வால்வு உட்காரும் இடத்துக்கு அது தந்த காப்பும் போய்விட்டது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால், பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் அதைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுவது நல்லது.

காகித வேலை ஒன்றும் உண்டு. எஞ்சின் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண் மாறவேண்டும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் இப்படி மாற்றக்கூடாது என்கிறது. இன்னொரு சிக்கல்: 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, எஞ்சினிலும் உடலிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகள் 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு வாங்கலாம். சித்தப்பா வண்டி வயதால் அதற்குத் தகுதியாகிவிட்டது. இசுஸு ஏறினால் அந்தத் தகுதி போகும். அதே நேரம் விண்டேஜ் எண் வாங்கினால் தினப்படி ஓட்டமுடியாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும்தான். ஓட்டுவதற்காகவே கார் வைத்திருக்கிற மனிதரிடம் போய் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? சிரித்தார்.

நோட்டில் போட்ட கணக்கையெல்லாம் சித்தப்பாவிடம் காட்டினேன். முன் டிஸ்க் பிரேக், எஞ்சின் அதே, ஐந்து கியர் பெட்டி என்று வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 3,700, 3,000 எல்லாம் தலையாட்டலில் போனது. கியர் கம்பி ஸ்டியரிங்கை விட்டுக் கீழே, தரைக்கு வந்துவிடும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப முன்சீட்டுல நடுவுல பேரன் எங்கடா உக்காருவான்?"

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. இப்போதைக்கு பிரேக்கை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார்.