காசு வரலன்னா குழந்தையைக் காட்ட மாட்டேன்னு சொல்றவங்களுக்கு

போன சனிக்கிழமை காலைல பதினொண்ணேகால் இருக்கும், ஜூனியர் போன் பண்றாங்க. "மேடம், எதிர்பார்ட்டி வந்து உக்காந்திருக்கார், நம்ம அம்மா இன்னும் வரல." நம்ம அம்மான்னா என் கட்சிக்காரர். ஆர்டர்படி ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை பதினொண்ணுல இருந்து ஒரு மணி வரைக்கும் கோர்ட்ல இருக்கற குழந்தைங்க ரூம்ல அப்பா பொண்ணைப் பார்க்கலாம். அந்த மனுஷன் ஒரு கலர் பென்சில் டப்பாவும் ஒரு பாக்கெட் முறுக்கும் மடியில வச்சுக்கிட்டு ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்துட்டு போயிட்டாராம். போறப்ப என் ஜூனியர்கிட்டயே முறுக்கைக் குடுத்துட்டுப் போயிருக்கார், பாப்பாகிட்ட குடுத்துடுங்கன்னு.

நான் அந்தம்மாவுக்கு போன் போட்டா, "மேடம், நாலு மாசமா ஒரு பைசா போடல அவரு. காசு தரமாட்டாராம், பிள்ளையை மட்டும் கொஞ்சணுமாம். பாக்கியை செட்டில் பண்ணிட்டு வந்து பார்த்துக்கட்டும்"ங்கறாங்க.

கேக்கறதுக்கு நியாயம் மாதிரிதான் இருக்கு. பிராக்டீஸுக்கு வந்த புதுசுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இதையே எத்தனாவது தடவை கேக்கறேன்னு எனக்கே கணக்கு விட்டுப்போச்சு. அதே வாரம் புதன்கிழமை இன்னொரு கேஸ்ல நான் அப்பா பக்கம், அவர் ஆபீஸுக்கு வந்து சேர்ல சாஞ்சுக்கிட்டு "குழந்தையைக் கண்ணுல காட்டல, நான் எதுக்கு மேடம் மாசாமாசம் பத்தாயிரம் கட்டணும், நிறுத்திட்டேன்"னு பெருமையா சொல்றார். ரெண்டு பேரும் வேற வேற கேஸ், ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, ஆனா பேசற டயலாக் ஒண்ணுதான். (ஆளு அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்திதான் எழுதறேன்.)

தயவுசெஞ்சு இதை ஒரு தடவை மனசுல ஏத்திக்கங்க. ஜீவனாம்சம் வேற, விசிட்டேஷன், அதாவது குழந்தையைப் பார்க்கற உரிமை, வேற. ரெண்டுக்கும் நடுவுல தராசு கிடையாது. மாசம் பத்தாயிரம் கட்டறது குழந்தையைப் பார்க்கறதுக்கான டிக்கெட் இல்ல, குழந்தையைக் காட்டறது பத்தாயிரத்துக்குக் குடுக்கற ரசீதும் இல்ல. அந்தப் பணம் உங்க பணம் இல்லம்மா, குழந்தையோடது. அதே மாதிரி சார், அந்த சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் உங்களோடது மட்டும் இல்ல, அதுவும் குழந்தையோடதுதான். அப்பா பண்ண தப்புக்கு அம்மா குழந்தையோட ரெண்டு மணி நேரத்தைப் புடுங்கறாங்க, அம்மா பண்ண தப்புக்கு அப்பா குழந்தையோட ஸ்கூல் பீஸைப் புடுங்கறார். ரெண்டு பக்கமும் நஷ்டம் யாருக்குன்னு பாருங்க. ரோஸி ஜேக்கப் கேஸ்னு ஒண்ணு, மெட்ராஸ்ல இருந்து சுப்ரீம் கோர்ட் போன கேஸ், 1973லயே குழந்தைங்க வெறும் சொத்தும் இல்ல, அப்பா அம்மாவுக்கு விளையாட்டு சாமானும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அம்பது வருஷம் தாண்டிடுச்சு, இன்னும் நாங்க அதையே ஆபீஸ்ல உக்காந்து சொல்லிட்டிருக்கோம்.

சரி, பணம் வரலன்னா என்ன பண்றது, சும்மா இருக்கறதான்னு கேப்பீங்க. யாரு சும்மா இருக்கச் சொன்னா? பாக்கியை வசூல் பண்ண மனு போடுங்க. ஜீவனாம்சத்துக்கான பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (சிஆர்பிசி) 125, இப்ப 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 144, அதுல கட்டாம விட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். உள்ள போயிட்டு வந்துட்டா பாக்கி கழிஞ்சுடும்னு நிறைய ஆம்பளைங்க நினைச்சுட்டிருக்காங்க, கழியாது, ஜெயில் வேற கடன் வேற. ஆனா ஒண்ணு, ஒவ்வொரு மாசத் தொகையும் கட்ட வேண்டிய தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வாரண்டுக்கு மனு போட்டுடணும். மூணு வருஷம் கழிச்சு சேர்த்து வாங்கிக்கலாம்னு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு வராதீங்க, அந்த நோட்டைப் பார்த்தா எனக்கு அழுகைதான் வரும்.

என் கட்சிக்காரர் என்ன பண்ணிட்டாங்கன்னா, நாலு மாசம் பாக்கின்னு கையில இருந்த அருமையான பாயிண்டை விட்டுட்டு, குழந்தையைக் கூட்டிட்டு வராம, எதிர்பக்க வக்கீலுக்கு ஒரு பாயிண்ட் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமையே ஆர்டரை மதிக்கலன்னு ஒரு மனு, கஸ்டடியையே மாத்தணும்னு இன்னொரு மனு. ஜட்ஜ் முன்னாடி பணம் கட்டாதவர் பாவம் ஆயிட்டார், ஒத்தையில பிள்ளையை வளர்க்கறவங்க வில்லி ஆயிட்டாங்க. அன்னிக்கு கோர்ட்ல என் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்.

இதுல ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அதையும் சொல்லிடறேன். குடிச்சுட்டு வர்றார், அடிக்கறார், குழந்தையைத் தொடக்கூடாத விதமா தொடறார்னு சந்தேகம் இருந்தா அது வேற கதை, அங்க நான் பொறுமையா இருங்கன்னு சொல்லவே மாட்டேன். ஆனா அப்பவும் வாய்ல சொல்லி நிறுத்தாதீங்க, அன்னிக்கே வக்கீலைப் பார்த்து ஆர்டரை நிறுத்தி வைக்கவோ, வேற ஆள் மேற்பார்வைல மட்டும் பார்க்கணும்னு மாத்தவோ அவசர மனு போடுங்க, பாலியல் விஷயம்னா போலீஸுக்கும் போங்க. காரணம் பேப்பர்ல இருந்தா உங்களுக்குப் பாதுகாப்பு. அதே சமயம், இல்லாத போக்ஸோ கேஸை கஸ்டடிக்காக ஜோடிச்சுட்டு வர்றவங்களும் உண்டு, அந்த மாதிரி கேஸை நான் எடுக்கறதில்ல, சீனியர் காலத்துல இருந்தே எங்க ஆபீஸ்ல அப்படித்தான்.

அடுத்தது அஞ்சு வயசு. இது மாமியார் வீட்டு ஜோசியம் மாதிரி பரவிக்கிடக்கு. "அஞ்சு வயசு முடியட்டும், சட்டப்படி பையன் தானா எங்ககிட்ட வந்துடுவான்"னு ஒரு தாத்தா என்கிட்ட பர்த் சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு பையனோட பிறந்தநாளுக்கு மறுநாளே வந்தார். இந்துக்களுக்கான 1956 மைனர், கார்டியன் சட்டம் ஆறாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அஞ்சு வயசு முடியாத குழந்தை சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும். அவ்வளவுதான். அஞ்சு முடிஞ்சதும் அப்பாகிட்ட போகணும்னு எங்கயும் இல்ல. அதே சட்டம் பதிமூணாவது பிரிவுல குழந்தையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு போட்டிருக்கு. அஞ்சு வயசு வரைக்கும் ஒரு வீடு, ஒரு ஸ்கூல், ஒரு பிரெண்ட்ஸ்னு இருந்த பிள்ளையை கேக் வெட்டின மறுநாள் பிடுங்கி வேற ஊர்ல நட எந்த ஜட்ஜும் அவசரப்படமாட்டார். முஸ்லிம் குடும்பங்கள்ல வயசுக் கணக்கு வேற மாதிரி சொல்லுவாங்க, ஆனா 1890 கார்டியன் சட்டத்துல மனு போட்டா அங்கயும் குழந்தை நலன்னு ஒண்ணைத் தாண்டி யாரும் போகமுடியாது.

இன்னொண்ணு, அப்பாதான் கார்டியன், அம்மா கையெழுத்து செல்லாதுன்னு பேங்க்ல சொன்னாங்க, ஸ்கூல்ல சொன்னாங்கன்னு வர்றீங்க. கீதா ஹரிஹரன் கேஸ் 1999. ரிசர்வ் பேங்க் பாண்டுக்கு அம்மா கார்டியனா கையெழுத்து போட்டா ஒத்துக்கமாட்டேன்னதுல ஆரம்பிச்சு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. சட்டத்துல அப்பாவுக்கு "பிறகு" அம்மான்னு இருக்கறதுக்கு அப்பா செத்ததுக்கு அப்புறம்னு அர்த்தம் இல்ல, அப்பா குழந்தையைக் கவனிக்காம ஒதுங்கி இருந்தாலே அம்மா கார்டியன்தான்னு சொல்லிட்டாங்க. கவுண்டர்ல இருக்கறவர் கேக்கலன்னா எழுத்துல மறுக்கச் சொல்லுங்க, பாதி பேர் அங்கயே இறங்கி வந்துடுவாங்க.

"எங்க பையனுக்கு ஒன்பது வயசு மேடம், அவனையே ஜட்ஜ்கிட்ட கேக்கச் சொல்லுங்க." கேப்பாங்க. புத்தியோட சொல்ற வயசுன்னா அதை கோர்ட் கணக்குல எடுத்துக்கலாம்னுதான் சட்டம் சொல்லுது, பிள்ளை சொல்றதுதான் தீர்ப்புன்னு சொல்லல. ஜட்ஜ் சேம்பருக்குக் கூப்பிட்டு, நம்மளை எல்லாம் வெளிய அனுப்பிட்டு பேசுவார். ஒரு தடவை ஒண்ணாவது படிக்கற குழந்தை உள்ள போய் "அவர் எங்களை டெசர்ட் பண்ணிட்டார்"னு சொல்லிருக்கு, கைவிட்டுட்டார்ங்கறதுக்கு வக்கீலுங்க சொல்ற வார்த்தை. ஆறு வயசு! பிள்ளைங்களுக்கு டெசர்ட்னா ஐஸ்கிரீம்தான் தெரியும். சொல்லிக்குடுத்து கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு ஜட்ஜுக்கு ஒரே நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு, அந்தப் பக்கம் கேஸே சரிஞ்சுது. ஒரு பெத்தவங்க மேல இன்னொருத்தர் விஷம் ஏத்தறதைப் பத்தி சுப்ரீம் கோர்ட்டே 2017ல விவேக் சிங் கேஸ்ல எழுதிருக்கு. ப்ளீஸ், பிள்ளைகிட்ட கேஸைப் பேசாதீங்க. சம்மன் வந்ததை, வாய்தாவை, வக்கீல் பீஸை, எதையும்.

பணம் விஷயத்துக்கு வர்றேன். கேஸ் போட்ட உடனே வேலையை விட்டுட்டேன்னு ஒரு ரெசிக்னேஷன் லெட்டர் காப்பியோட வர்றது இப்ப பேஷன் ஆயிடுச்சு. 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டோட ரஜ்னேஷ் கேஸ் தீர்ப்பு வந்ததுக்கப்புறம் ரெண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் அபிடவிட்டா போட்டே ஆகணும். பேங்க் ஸ்டேட்மெண்ட் வரும், ஐடி ரிட்டர்ன் வரும், கார் எந்தப் பேர்ல இருக்குன்னு வரும். கேஸ் வந்ததுக்கப்புறம் இழுத்துவிட்டுக்கிட்ட லோனோட இஎம்ஐயைக் காட்டி கையில ஒண்ணும் மிச்சமில்லன்னு சொன்னா யாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கமாட்டாங்க. உடம்பு நல்லா இருக்கு, படிச்சிருக்கீங்க, சம்பாதிக்க முடியும்னு கோர்ட் பார்க்கும். மனைவியும் சம்பாதிக்கறாங்களே, நான் ஏன் தரணும்னா, அவங்க நல்லா சம்பாதிச்சா குழந்தை செலவை விகிதாச்சாரமா பிரிச்சுக்கலாம்னு அதே தீர்ப்புலதான் இருக்கு, உங்க பங்கு பூஜ்ஜியம் ஆகாது. மனைவி நடத்தை சரியில்லன்னு ஒரு கதையோட வர்றவங்களுக்கும் சொல்லிடறேன், அது உண்மையாவே இருந்தாலும் மனைவியோட ஜீவனாம்சத்தைத்தான் தொடும், குழந்தையோடதைத் தொடாது.

அம்மாக்களுக்கு: மனு போட்ட தேதில இருந்துதான் கணக்கு. பெரியவங்க பேசிட்டிருக்காங்க, பஞ்சாயத்து போயிட்டிருக்குன்னு ஒரு வருஷம் உக்காந்திருந்தா அந்த ஒரு வருஷம் போச்சு. பேசறதை பேசட்டும், மனுவைப் போட்டுடுங்க. ஸ்கூல் பீஸ் ரசீது, ஆஸ்பத்திரி பில், டியூஷன், வேன் எல்லாம் ஒரு பைல்ல போடுங்க, வாயால சொல்ற "நிறைய செலவாகுது மேடம்" எனக்குப் பிரயோஜனம் இல்ல. வக்கீல் வைக்க வசதி இல்லன்னு ஒருத்தரும் திரும்பிப் போகவேண்டாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்கே பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட கோர்ட்லயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, போய்க் கேளுங்க.

அப்பாக்களுக்கு: கையில காசு குடுக்காதீங்க. மச்சான்கிட்ட குடுத்தனுப்பினேன், டிரஸ் எடுத்துக் குடுத்தேன்னு சொன்னா கோர்ட்ல அது ஜீவனாம்சம் இல்ல, அன்பளிப்பு. அக்கவுண்டுக்கு அனுப்புங்க, எந்த மாசத்துக்குன்னு ரிமார்க்ஸ்ல போடுங்க. பார்க்க விடலன்னா போன தேதியையும் நேரத்தையும் எழுதி அன்னிக்கே வக்கீலுக்கு அனுப்புங்க, பணத்தை மட்டும் நிறுத்தாதீங்க. ஸ்கூல் கேட்ல நின்னு பிள்ளையைத் தூக்கிட்டுப் போற வேலை வேண்டவே வேண்டாம், ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு வரும், அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு நல்ல அப்பான்னு நான் எப்படி வாதாடறது? ஊர் தூரமா இருந்தா வீடியோ கால் கேளுங்க, யஷிதா சாஹு கேஸ்ல 2020ல சுப்ரீம் கோர்ட் தினமும் அஞ்சு பத்து நிமிஷம் பேசற உரிமையைப் பத்திச் சொல்லிருக்கு. அப்புறம், குழந்தை எங்க வழக்கமா இருக்கோ அங்கதான் கார்டியன் மனு போடணும், திருநெல்வேலியில படிக்கற பிள்ளைக்கு உங்க வசதிக்காக சென்னையில போட்டா ரெண்டு வருஷம் அதிகார வரம்பு சண்டையிலயே ஓடிடும்.

பரஸ்பர சம்மதத்துல பிரியறவங்க எப்படியாவது முடிஞ்சா போதும்னு "தாய் குழந்தைக்காக எதுவும் கோரமாட்டார்", "தந்தை நியாயமான முறையில் பார்த்துக்கொள்ளலாம்"னு ரெண்டு வரி எழுதிட்டு வந்துடறாங்க. முதல் வரி குழந்தையைக் கட்டுப்படுத்தாது, குழந்தையோட உரிமையை எழுதிக்குடுக்க நீங்க யாரு? ரெண்டாவது வரிதான் நாளைக்கு உங்களை மறுபடி என் ஆபீஸுக்குக் கூட்டிட்டு வரும். நியாயமான முறைன்னா அவருக்கு வாராவாரம், உங்களுக்கு தீபாவளிக்கு ஒரு தடவை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எங்க, யாரு கொண்டுவந்து விடறது, பொங்கலுக்கு யார் வீடு, மே மாச லீவுல எத்தனை நாள், பீஸ் வருஷாவருஷம் ஏறினா யாரு எவ்வளவு, ஜுரம் அடிச்சா அந்த சனிக்கிழமைக்குப் பதில் எந்த நாள், எல்லாத்தையும் எழுதுங்க. எழுதறப்ப சண்டை வரும், வரட்டும், எங்க ஆபீஸ்லயே வரட்டும்.

நம்ம அந்தம்மா கதைக்கு வர்றேன். செவ்வாய்க்கிழமை வந்தாங்க, முதல்ல நான் கத்தினேன், அப்புறம் அவங்க அழுதாங்க, அப்புறம் டீ வாங்கிக் குடுத்தேன். நாலு மாச பாக்கிக்கு மனு ரெடி பண்ணி கையெழுத்து வாங்கிட்டேன், வர்ற வாரம் கோர்ட்ல மனுவுக்கு நம்பர் விழுந்துடும். முறுக்கு பாக்கெட்டையும் குடுத்தனுப்பினேன், முதல்ல வாங்கமாட்டேன்னாங்க. நாலாவது சனிக்கிழமை பாப்பாவை பத்தேமுக்காலுக்கே கூட்டிட்டு வந்துடணும்னு சொல்லிருக்கேன், தண்ணி பாட்டிலோட, அந்த ரூம்ல ஃபேன் சரியா ஓடாது.