வெள்ளி வில்லையில் ஒரு துருவக் கப்பல்

ஆஸ்திரிய நாணயச்சாலை 2005 ஜூன் மாதம் வெளியிட்ட 20 யூரோ வெள்ளி நாணயத்தின் ஒரு பக்கத்தில், துருவக் குளிருக்கேற்ற உடையணிந்த இரண்டு பயணிகளும் அவர்களுக்குப் பின்னால் பனியில் இறுகி நிற்கும் ‘அட்மிரல் டெகெட்ஹாஃப்’ கப்பலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சேகரிப்பாளர்களுக்காக ‘ப்ரூஃப்’ தரத்தில் அச்சிடப்படும் இத்தகைய நாணயங்களில் உருவங்கள் வெண்மையாகவும், அவற்றைச் சூழ்ந்த வெற்றுப் பரப்பு சற்றே சாய்த்துப் பார்த்தால் கருமையாகவும் தெரியும். ஆனால் அங்கே மையோ வண்ணமோ துளியும் இல்லை. வெண்மைக்கும் கருமைக்கும் ஒரே உலோகம்தான் காரணம்.

நாணயத்தில் இடம்பெறும் சிறப்பு அந்தக் கப்பலுக்குத் தகும். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபெனில் கட்டப்பட்டு, மூன்று பாய்மரங்களோடு நீராவி இயந்திரமும் பொருத்தப்பட்ட இக்கப்பல், ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் துருவ ஆய்வுப் பயணமாக, கார்ல் வைப்ரெக்ட், யூலியஸ் பாயர் ஆகியோர் தலைமையில் 1872 கோடையில் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, ஆகஸ்டிலேயே ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள நோவாயா செம்லியா தீவுகளுக்கு அருகே பனியில் சிக்கியது. பனி போன போக்கிலேயே ஓராண்டு மிதந்த பிறகு, 1873 ஆகஸ்ட் 30 அன்று பயணக்குழுவினர் அதுவரை வரைபடத்தில் இல்லாத ஒரு தீவுக்கூட்டத்தைக் கண்டு, அதற்குத் தங்கள் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் பெயரைச் சூட்டினார்கள். 1874 மே மாதம் கப்பலைக் கைவிட்டு, படகுகளைச் சறுக்குவண்டிகளில் ஏற்றித் தெற்கே இழுத்து நடந்தார்கள். கால்கீழிருந்த பனியோ எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டிருந்ததால், இரண்டு மாதக் கடும் உழைப்புக்குப் பிறகும் கப்பலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தார்கள். தீவுகளைக் கண்டதைவிட, துருவங்களை ஒரே காலத்தில் பல நாடுகள் சேர்ந்து ஆராய வேண்டும் என்று திரும்பிவந்த வைப்ரெக்ட் வலியுறுத்தியதும், அதன் விளைவாக 1882–83இல் முதலாம் பன்னாட்டுத் துருவ ஆண்டு நடந்ததுமே அப்பயணத்தின் பெரிய பயன் என்பது என் எண்ணம்.

இனி நாணயத்துக்கு வருவோம். அதன் விட்டம் 34 மில்லிமீட்டர், எடை 20 கிராம். ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. தூய வெள்ளி மிக மென்மையானது. அதில் சேர்க்கப்படும் செம்பின் அணுக்கள் வெள்ளியின் அணுக்களைவிடச் சிறியவை என்பதால், படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுத்து உலோகத்தை உறுதியாக்குகின்றன. விட்டத்தையும் எடையையும் கொண்டு கணக்கிட்டால், நாணயத்தின் சராசரித் தடிமன் 2 மில்லிமீட்டரை ஒட்டியே வருகிறது. இரு பக்கத்துப் படங்களும் இந்தத் தடிமனுக்குள் இடம்பெற வேண்டும் என்பதால், பாய்மரமும் கயிறுகளும் மனிதர்களும் மில்லிமீட்டரின் ஒரு சிறு பங்கு உயரத்துக்குள்தான் ஆழத்தைக் காட்ட முடியும்.

சிற்பி முதலில் நாணயத்தைவிடப் பல மடங்கு பெரிதாகப் பிளாஸ்டரில் மாதிரி செய்வார். அதைச் சிறிதாக்கி எஃகில் செதுக்கும் வேலையை முற்காலத்தில் நெம்புகோல் முறையில் இயங்கிய இயந்திரங்கள் செய்தன; இப்போது கணினி வழிநடத்தும் செதுக்குக் கருவிகள் செய்கின்றன. இவ்வாறு கிடைக்கும் புடைப்பு உருவத்தை இன்னொரு எஃகுத் துண்டில் அழுத்திக் குழிவான அச்சு எடுக்கப்படுகிறது. கடினமாக்கப்பட்ட அந்த அச்சின் சமதளப் பகுதிகளை வைரத்தூள் பசையால் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். உருவங்கள் அமைந்த குழிகளை மட்டும் நுண்மணிகளைப் பாய்ச்சியோ லேசரைக் கொண்டோ சொரசொரப்பாக்குவார்கள். ஒவ்வோர் அடியிலும் வெள்ளி உரசி இந்த நுண்சொரசொரப்பு தேய்வதால், அச்சின்மேல் குரோமியம் பூசி அதன் ஆயுளை நீட்டிப்பதும் உண்டு.

தகட்டிலிருந்து வெட்டிய வெள்ளி வில்லைகள், உருளைகளுக்கிடையே நசுங்கியதால் விறைப்பேறியிருக்கும். உலையில் சூடாக்கும்போது உள்ளே புதிய படிகங்கள் உருவாகி, உலோகம் மீண்டும் இளகிக்கொடுக்கும் தன்மையைப் பெறுகிறது. மெருகிட்ட வில்லையை இரு அச்சுகளுக்கிடையே ஒரு வளையத்துக்குள் வைத்து அழுத்தும்போது, உருகாமலேயே, திட நிலையிலேயே வெள்ளி நகர்ந்து குழிகளை நிரப்புகிறது. விளிம்பைத் தாண்டி விரியாதபடி வளையம் தடுக்கிறது. புழக்கத்துக்கான நாணயத்துக்கு ஓர் அடி போதும். ப்ரூஃப் நாணயத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை, வேகத்தைக் குறைத்து அழுத்துவதால்தான் கயிறு போன்ற மெல்லிய கோடுகளும் முழுமையாக எழுகின்றன. இரு பக்கத்திலும் மிக உயர்ந்த பகுதிகள் நேருக்கு நேர் அமைந்தால், அவற்றை நிரப்பப் போதிய உலோகம் அவ்விடத்தில் இராது என்பதையும் சிற்பி வரையும்போதே கருத்தில் கொள்ள வேண்டும்.

வெண்மையும் கருமையும் பிறப்பது அச்சின் இந்த இருவகைப் பரப்பிலிருந்துதான். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. பரப்பின் மேடுபள்ளங்கள் இதைவிட மிகச் சிறியவையாக இருந்தால், ஒளி ஒரே திசையில் ஒழுங்காக எதிரொளிக்கிறது. அத்திசையில் நம் கண் இல்லையென்றால் அப்பகுதி இருண்டு தோன்றும். மேடுபள்ளங்கள் அலைநீளத்தை ஒத்தோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால், ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி, எங்கிருந்து பார்த்தாலும் வெண்மையாகத் தெரியும். புதிய எவர்சில்வர் தட்டு முகம் காட்டுவதும், தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்த தட்டு வெளிறித் தெரிவதும் இதே காரணத்தால்தான். டெகெட்ஹாஃபைச் சூழ்ந்திருந்த பனியிலும் சிதறலே வெண்மையைத் தந்தது, வழி மட்டும் வேறு: தெளிந்த பனிக்கட்டி ஒளியை உள்ளே ஊடுருவ விடுவதால் கருமையாகத் தெரியும்; காற்றிடைவெளிகள் நிறைந்த தளர்பனியிலோ, கணக்கற்ற துகள்களின் எல்லைகளில் ஒளி மீண்டும் மீண்டும் சிதறி வெளியே வருகிறது.

 

இவ்வளவு நுட்பமான பரப்பு எளிதில் கெட்டுவிடும். காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு வினைபுரிந்து, பரப்பில் வெள்ளி சல்ஃபைடு படலத்தை உண்டாக்குகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மஞ்சளிலிருந்து பழுப்புக்கும் பிறகு கருமைக்கும் மாறும். அதைத் துணியால் துடைத்தால் நுண்மேடுகளின் முனைகள் நசுங்கி, வெண்மையான இடத்தில் பளபளப்புத் திட்டுகள் விழும். கண்ணாடிப் பரப்பிலோ நுண்கீறல்கள் விழும். நசுங்கிய முனைகளை மறுபடி எழுப்ப வழியில்லை. எனவே ப்ரூஃப் நாணயங்களை ஒளிபுகும் உறைக்குள் மூடியே விற்கிறார்கள். வெளியே எடுக்க நேர்ந்தால் விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும்.