ஆன்லைன் ரெசிடென்சிக்கும் லீவு போடுங்கள்

“ஆன்லைன்தானே, அதுக்கு எதுக்கு லீவு?” பல நாட்டு எழுத்தாளர்களோடு சேர்ந்து எழுதும் ஆன்லைன் ரெசிடென்சிக்குத் தேர்வாகிறவர்களிடம் வீட்டிலும் அலுவலகத்திலும் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. பல நேரம் எழுத்தாளரே தன்னிடம் கேட்டுக்கொள்வதும் இதுதான். ரெசிடென்சி என்றால், எழுத்தாளர் அன்றாட வேலைகளை விட்டு எழுத்துக்கென்று சில காலம் ஒதுக்க உதவும் திட்டம். நான் மொழிபெயர்ப்பாளர். இப்படிப்பட்ட குழுக்களுக்காகத் தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவருவதும், அமர்வுகளை ஒருங்கிணைப்பதும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: லீவு கட்டாயம் வேண்டும். கூடவே உதவித்தொகையும் எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் வேண்டும். விமானப் பயணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த மூன்றையும் நாம் விட்டுக்கொடுத்து வருகிறோம்.

நேரில் போய்த் தங்கும் ரெசிடென்சியில் என்ன கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1967இல் பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டம் இதற்கெல்லாம் முன்னோடி. 1973இல் அசோகமித்திரன் அங்கே போனார். பல நாட்டு எழுத்தாளர்களோடு பழகிய அந்த நாட்களிலிருந்துதான் அவருடைய ‘ஒற்றன்!’ நாவல் வந்தது. அப்படிப் போகிறவருக்கு ஓர் அறை கிடைக்கிறது, கைச்செலவுக்குப் பணம் கிடைக்கிறது. எல்லாவற்றையும்விட, அவர் வீட்டில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிகிறது. கேஸ் புக் பண்ணச் சொல்லவோ, பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப்போகச் சொல்லவோ யாராலும் முடியாது. அதே திட்டம் திரைக்கு வந்தவுடன் அறை, பணம், வீட்டிலிருந்து விடுதலை எல்லாம் போய், மீட்டிங் மட்டும் மிஞ்சுகிறது.

2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது பல நிறுவனங்கள் வேறு வழியில்லாமல் ஆன்லைனுக்கு மாறின. அப்புறம் அது நிலைத்துவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. விசா கிடைக்காதவர்கள், கைக்குழந்தை இருப்பவர்கள், நீண்ட பயணம் உடம்புக்கு ஒத்துவராதவர்கள் என்று பலருக்கு இது ஒன்றுதான் வாசல். அதனால்தான் அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கவலைப்படுகிறேன்.

முதல் சிக்கல் மணி. சென்னையில் இரவு எட்டரை என்றால் நைரோபியில் மாலை ஆறு. மணிலாவில் இரவு பதினொன்று. கோடைக்காலக் கணக்குப்படி லண்டனில் மாலை நான்கு, அயோவாவில் காலை பத்து. எல்லாருக்கும் பொதுவாக ஒரு நேரம் தேடினால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றுவார்கள், அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. இரண்டுக்கும் நடுவில் நிச்சயம் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தவறி வருவார். அட்டவணை அனுப்பும்போது உங்கள் ஊர் மணியையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் எட்டரை மணி என்பது வெறும் கடிகாரக் கணக்கு இல்லை. நம் வீடுகளில் அது சாப்பாட்டு நேரம். தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை எங்கள் குழுவில் இருந்தார். இரண்டு பிள்ளைகள். கூடத்தில் டி.வி. ஓடும் என்பதால் மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, காதில் இயர்போனோடு போனில் சேருவார். கீழேயிருந்து கூப்பிட்டால் கேமராவை அணைத்துவிட்டு இறங்கிப்போய் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறி வருவார். கென்யக்காரர் ஒருவரின் கதை விவாதத்துக்கு வந்த அன்று அந்த ஆசிரியை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். கதையில் வரும் பாட்டி எந்த இடத்திலும் உட்காருவதே இல்லை, அதை யாரும் சொல்லவில்லையே என்று கேட்டிருந்தார். முந்தின இரவு அத்தனை பேர் பேசியதில் இந்தக் கவனிப்பு இல்லை. அந்தக் கென்ய எழுத்தாளர் அடுத்த வரைவில் கதையின் கடைசிக் காட்சியையே மாற்றினார்.

நேரலையில் பேசுகிறவரை மட்டும் பங்கேற்பாளராகக் கணக்கில் எடுக்கும் திட்டம் இப்படிப்பட்டவர்களை இழந்துவிடும். வாரத்துக்கு ஒரு சந்திப்பு போதும், மீதியை எழுத்தில் வையுங்கள் என்று ஒவ்வொரு குழுவிடமும் வலியுறுத்துகிறேன். கதையைப் படித்துக் கருத்து எழுத இரண்டு மூன்று நாள் அவகாசம் தந்தால் எந்த நாட்டு மணியாக இருந்தாலும் பொருந்தும். இது புது யோசனையும் இல்லை. 2000களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலும் லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘கிராஸிங் பார்டர்ஸ்’ என்று ஒரு திட்டம் நடத்தின. உகாண்டா, கானா, மலாவி போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் இளம் எழுத்தாளர்கள் படைப்புகளை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். பிரிட்டனில் இருக்கும் வழிகாட்டி எழுத்தாளர் படித்துவிட்டு எழுத்திலேயே பதில் தருவார். வீடியோ அழைப்பு பரவலாகாத காலம் அது. வேகமான இணைப்பு இல்லாதவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ள அந்த முறையால் முடிந்தது. எழுத்தாளருக்கு எழுத்தில் வரும் கருத்து இன்னொரு விதத்திலும் நல்லது. பத்து நாள் கழித்து, கோபம் ஆறியபிறகு, திரும்ப எடுத்துப் படிக்கலாம்.

அடுத்து மொழிபெயர்ப்பு. என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் எழுதுகிறவரின் கதையைக் குழுவில் இருக்கும் பிரேசில்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். “வாக்கியங்கள் தட்டையாக இருக்கின்றன” என்று ஒருவர் சொன்னால், அது உங்களைச் சொன்னதா, என்னைச் சொன்னதா? பெரும்பாலும் என்னை. நடையையும் ஓசையையும் பற்றி வரும் கருத்துகளை முதலில் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து பாருங்கள். நடுப்பகுதி நீள்கிறது, தம்பி கதாபாத்திரம் திடீரென்று காணாமல் போகிறது என்பது போன்ற கருத்துகள் உங்களுக்கானவை. இந்தப் பிரிவு தெரியாமல், ஆங்கில வரைவுக்கு வந்த விமர்சனத்தைக் கேட்டுத் தமிழ் மூலத்தின் நல்ல பத்திகளை அடித்துத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

சில திட்டங்களில் மொழிபெயர்ப்புக்குப் பணமே ஒதுக்குவதில்லை. எழுத்தாளர் கடைசி நேரத்தில் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அனுப்புகிறார். யார் யாரிடம் பேசுகிறார் என்பதே அதில் குழம்பிப்போகும். நம் உரையாடல்களில் எழுவாய் பாதி நேரம் மறைந்துதானே இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்: மொழிபெயர்ப்பாளருக்கு யார் பணம் தருகிறார்கள், அவர் பெயர் வருமா? மொழிபெயர்ப்புக்கென்று தனிப் பதிப்புரிமை உண்டு. ஆங்கில வரைவைப் பிறகு வேறு இதழுக்கு அனுப்ப வேண்டுமானால் அவர் ஒப்புதலும் தேவைப்படும்.

இனி ஒப்பந்தம். சேர்ப்புப் படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்தப் பத்திதான் ஒப்பந்தம். ‘சம்மதம்’ என்று டிக் போடுவதற்கு முன் முழுக்கப் படியுங்கள். மூடிய குழுவுக்குள் வரைவைப் பகிர்வதில் பெரிதாகச் சிக்கல் வராது. அதே கதையை நிறுவனம் எல்லாரும் பார்க்கும்படி இணையதளத்தில் போட்டால் விஷயம் வேறு. பல இலக்கிய இதழ்களும் போட்டிகளும் அதை ஏற்கெனவே வெளியான படைப்பாகத்தான் கருதும். அந்தக் கதையை அப்புறம் அவற்றுக்கு அனுப்ப முடியாது. இணையதளத்தில் போட ஒரு சின்னப் பகுதியை மட்டும் தருகிறேன் என்று சொல்லலாம். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் பார்த்தவரை மறுப்பு வந்ததில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தின் படிவத்தில் ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்று எழுதியிருக்கலாம். அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும் என்றும் இருக்கலாம். அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

பதிவு செய்வதைப் பற்றியும் கேளுங்கள். அமர்வைப் பதிவு செய்கிறார்களா, யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பார்கள்? இப்போது குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் சத்தமில்லாமல் ஓர் உறுப்பினர் போல உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அரசை விமர்சித்தால் சிறை என்ற நாட்டிலிருந்து ஒருவர் நம் குழுவில் இருந்தால், நம்பிக்கையில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் எழுத்து வடிவில் எங்கோ சேமிக்கப்படுவது அவர் உயிருக்கே ஆபத்து. என் அமர்வுகளில் எல்லாரும் சம்மதிக்காமல் பதிவு கிடையாது. பெயர் தெரியாத செயலி வந்தால் வெளியேற்றிவிடுவேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து முகநூலில் போடும் ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

பணம் கேட்பதற்கு நம்மவர்கள் ரொம்பக் கூச்சப்படுகிறார்கள். உதவித்தொகை உண்டா, எந்த நாணயத்தில், எப்போது என்று கடிதத்திலேயே கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் உங்கள் வங்கி ‘பர்பஸ் கோடு’, அதாவது பணம் எதற்காக வருகிறது என்று காட்டும் குறியீடு, கேட்கும். அமெரிக்க நிறுவனமாக இருந்தால் W-8BEN என்ற வரிப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அழைப்புக் கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருந்தால் இரண்டும் சுலபமாக முடியும். உங்களிடமிருந்து கட்டணம் கேட்கும் திட்டம் என்றால், யார் சொல்லித்தருகிறார், உங்கள் கதையை எத்தனை முறை படிப்பார் என்று தெரிந்துகொண்ட பிறகு கட்டுங்கள். கட்டணம் வாங்குவதெல்லாம் மோசடி இல்லை. ஆனால் சான்றிதழைத் தவிர வேறெதையும் உறுதி சொல்லாத இடத்துக்குப் போக வேண்டாம்.

அந்த அழைப்புக் கடிதத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. தலைமையாசிரியரிடமோ மேலாளரிடமோ லீவு கேட்கும்போது கூடவே இணைத்துக் கொடுங்கள். தேதி, நேரம், வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்பதெல்லாம் குறிப்பிட்டு, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் தரச் சொன்னால் தருவார்கள்.