ஐரோப்பிய ஆறுகளுக்கு 2027 கெடு: நீர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் பொதுவாகத் தண்ணீருக்கென்று ஓர் அடிப்படைச் சட்டம் இருக்கிறது. 2000 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த நீர்க் கட்டமைப்பு நெறியாணை அது. இலக்கை ஒன்றியம் விதிக்கும். அதற்கேற்ப ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டுச் சட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆறு, ஏரி, கழிமுகம், கரையோரக் கடல், நிலத்தடி நீர் எல்லாமே இதில் அடக்கம்.

மாவட்டம், மாநிலம் என்ற எல்லைகளை ஒதுக்கிவிட்டு, ஆற்றின் வடிநிலத்தையே, அதாவது மழைநீர் வடிந்து அந்த ஆற்றில் சேரும் மொத்த நிலப்பரப்பையே, ஓர் அலகாக வைத்துத் திட்டம் போடச் சொல்கிறது இந்தச் சட்டம். ஒவ்வொரு வடிநிலத்துக்கும் 6 ஆண்டுகளுக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் வேண்டும். டான்யூப் வடிநிலம் 19 நாடுகளில் பரவிக் கிடக்கிறது. அத்தனை பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும்.

எட்ட வேண்டிய இலக்கின் பெயர் 'நல்ல நிலை'. மீன்கள், நீரின் அடிமண்ணில் வாழும் பூச்சிகள், நீர்த் தாவரங்கள், உரச்சத்து, ஆற்றின் போக்கு ஆகியவற்றை வைத்துச் சூழலியல் நிலையைக் கணிப்பார்கள். பாதரசம் போன்ற நச்சுகளை அளந்து வேதி நிலையைச் சொல்வார்கள். பள்ளித் தேர்வு மாதிரிதான்: மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் ஒன்றில் ஃபெயில் என்றால் மொத்தமும் ஃபெயில். இது ரொம்பக் கடுமை என்று பல அரசுகள் முணுமுணுக்கின்றன. எனக்கு அது சரியான விதியாகவே படுகிறது. சராசரி போட்டுப் பார்த்தால் எந்த விஷமும் கண்ணில் படாமல் போய்விடும்.

ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமையின் 2024 அறிக்கைப்படி, மேற்பரப்பு நீர்நிலைகளில் 37% மட்டுமே நல்ல சூழலியல் நிலையிலோ அதைவிட மேலான நிலையிலோ உள்ளன. வேதி நிலையில் தேறியவை 29%. முதலில் வைத்த கெடு 2015. பிறகு இரண்டு சுற்று அவகாசம் கொடுத்து 2027-க்கு வந்து நிற்கிறது. அதற்கப்புறம், இயற்கைச் சூழலே தாமதத்துக்குக் காரணமாக இருந்தாலொழிய, கெடுவை நீட்டிக்க வழியில்லை. இலக்கையே தளர்த்திக்கொள்ள விதிவிலக்குகள் உண்டு. நாடுகள் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துவதுதான் கவலை.

இந்த அலட்சியத்துக்கு என்ன விலை என்பதை 2022 கோடையில் ஓடர் ஆறு காட்டியது. போலந்திலும் ஜெர்மன் எல்லையிலும் சுமார் 360 டன் மீன் செத்து மிதந்தது. சுரங்கம் உள்ளிட்ட தொழில்களின் உப்புக் கழிவு, வெயில், குறைந்த நீரோட்டம் மூன்றும் சேர்ந்ததில் உவர்நீரில் வளரும் ஒரு நச்சுப்பாசி நன்னீர் ஆற்றில் பெருகிவிட்டது. ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பார்க்காமல் கழிவுக்கு அனுமதி கொடுத்தால் இதுதான் நடக்கும்.

நீரின் அளவும் இதே சட்டத்துக்குள் வருகிறது. ஸ்பெயினின் தோன்யானா சதுப்பு நிலத்தைச் சுற்றி, ஸ்ட்ராபெர்ரி தோட்டங்களுக்காக அனுமதியே இல்லாமல் ஆழ்துளைக் கிணறுகளில் நீர் உறிஞ்சினார்கள். அந்தத் திருட்டு நீரைக் கணக்கில் சேர்க்கவில்லை, சதுப்பு நிலத்தைக் காக்கவும் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2021 ஜூனில் ஒன்றியத்தின் நீதிமன்றம் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

செலவு யார் தலையில்? கெடுத்தவர் கட்ட வேண்டும் என்பது கொள்கை. வயல் உரத்தாலும் பூச்சிமருந்தாலும் வரும் கேட்டுக்கு அது இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. கழிவுநீரில் ஒரு முன்னேற்றம் உண்டு: 2024-இல் திருத்திய கழிவுநீர்ச் சட்டம், மருந்து எச்சங்கள் போன்ற நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80%-ஐ மருந்து, அழகுசாதன நிறுவனங்களிடம் வாங்கச் சொல்கிறது. அந்த நிறுவனங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கின்றன.

மக்களுக்கு இதில் என்ன உரிமை? மேலாண்மைத் திட்டங்களின் அடுத்த சுற்று 2028 முதல் 2033 வரை. ஒவ்வொரு வடிநிலத்தின் வரைவுத் திட்டத்தையும் ஓராண்டு முன்னதாக, அதாவது 2026 முடிவதற்குள் வெளியிட்டாக வேண்டும். எழுத்தில் கருத்துச் சொல்லக் குறைந்தது 6 மாதம் தர வேண்டும். கேட்டால், வரைவுக்குப் பயன்படுத்திய பின்னணி ஆவணங்களையும் காட்ட வேண்டும். குடிநீருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்களுக்கான வரம்பு 2026 ஜனவரியிலிருந்து கட்டாயம்; குழாய்நீரின் தரமும் விலையும் நுகர்வோருக்குத் தெரிய வேண்டும்.

பாரிஸில் இருக்கும் நம்மவர்கள் செய்ன்–நார்மண்டி நீர் முகமையின் தளத்தில் வரைவைத் தேடலாம். ஜெர்மனியில் அந்தந்த மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் ஊர் ஆற்றின் பெயரைக் குறிப்பிட்டு, அதற்கு விதிவிலக்கு கேட்டிருந்தால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள்.